சமையற்கட்டில் ஒரு சகோதரர்

2025ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், லெபனான் நாட்டுத் திருப்பயணத்தை முடித்துக்கொண்டு உரோமைக்குத் திரும்பிய விமானத்தில் செய்தியாளரோடு உரையாடிய திருத்தந்தை பதினான்காம் லியோ, தம் ஆன்மிக வாழ்வை அறிய விரும்புவோர் புனித அகுஸ்தினாரோடு மற்றுமொரு சிறுநூலையும் வாசிக்கலாம் எனக் குறிப்பிட்டார். பதினேழாம் நூற்றாண்டில் பாரிசு மாநகரில் வாழ்ந்த கார்மேல் சபைத் துறவி, சகோதரர் லாரன்ஸ் பெயரால் வழங்கும் 'இறைப் பிரசன்னத்தில் வாழப் பழகுதல்' என்னும் நூலே அது. குரு அல்லாத, பெரும் படிப்புப் படிக்காத, மடத்துச் சமையற்கட்டில் ஆண்டுகள் பல கழித்த ஒருவரின் பெயரைத் திருத்தந்தையே சொல்லக் கேட்டதும், "அது என்ன புத்தகம், சாமி? நாங்களும் வாசிக்கலாமா?" என்று பங்கில் சிலர் கேட்கத் தொடங்கினர். வாசிக்கலாம் என்பதே என் விடை. எனினும் எப்படி வாசிப்பது என்பதில் எனக்குச் சொல்வதற்குச் சில உண்டு. அவற்றுள் பாதி, நான் அந்நூலைப் பல்லாண்டுகள் தவறாக வாசித்தவன் என்னும் அறிக்கையே ஆகும்.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில், நூலகத்தின் அடித்தட்டில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று எனக்குக் கிடைத்தது. ஒரே மாலையில் படித்து முடிக்கத்தக்க மெலிந்த நூல். குருத்துவம் பெற்றபின் அது எனக்கு மறையுரைச் சுரங்கமாயிற்று. வாணலியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதையும் இறையன்புக்காகவே செய்தார், தரையில் கிடந்த துரும்பைக் குனிந்து எடுப்பதையும் இறையன்புக்காகவே செய்தார் என்று சொன்னால் போதும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மாரின் முகம் மலர்ந்துவிடும். அடுப்பங்கரைப் பக்கமே போகாத நாங்கள் அடுப்பங்கரைப் புண்ணியவான்களைப் பற்றி மிக அழகாகப் பேசுவோம்!

இப்படி ஒரு ஞாயிறன்று, நான் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில், மார்த்தா மரியா நற்செய்திக்குச் சகோதரர் லாரன்ஸைத் துணைக்கழைத்து மறையுரை ஆற்றினேன். திருப்பலி முடிந்து வெளியே நின்றபோது பெண்மணி ஒருவர் வந்தார். பள்ளி ஒன்றில் சத்துணவுச் சமையலராகப் பணிபுரிபவர். காலையில் அங்கே நூறு பிள்ளைகளுக்கு ஆக்கி இறக்கிவிட்டு, வீடு திரும்பி மீண்டும் ஏழு பேருக்கு உலை வைப்பவர். "நல்ல பிரசங்கம், சாமி. ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா? அந்தப் பிரதர் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டுட்டு, யாராவது ஒருத்தராச்சும் 'நல்லா இருந்துச்சு பிரதர்'னு சொன்னதா அந்தப் புத்தகத்துல எழுதியிருக்கா?" என்றார். குறும்பாகக் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளவே கேட்டார். நான் பார்த்துச் சொல்வதாகக் கூறினேன்.

அன்று இரவு நூலைத் தேடியெடுத்து முதற்பக்கத்திலிருந்து படித்தேன். எழுதியிருக்கவில்லை.

இந்த இன்மையை நூலின் குறை என்று கொள்வதா, அன்றி நூல் தோன்றிய முறையின் விளைவு என்று கொள்வதா என்பதே இக்கட்டுரையில் நான் ஆராய முற்படுவது. அதற்கு நூலின் பிறப்பைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும்.

நிக்கோலா எர்மான் என்பது இவரது இயற்பெயர். 1614 வாக்கில் லொரேன் பகுதியில் எரிமெனில் என்னும் சிற்றூரில் பிறந்தார். முப்பதாண்டுப் போர் ஐரோப்பாவைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம். இளமையில் படைவீரராகச் சேர்ந்தார். ஒற்றர் எனப் பிடிபட்டுத் தூக்குக் கயிற்றின் அருகே வரை சென்று தப்பினார். பின்னர்க் காயமுற்றுக் கால் ஊனமாகி வெளியேறினார். தனிவாசத் துறவைச் சிலகாலம் முயன்று, அதுவும் ஒத்துவராமல், பாரிசில் செல்வர் ஒருவரிடம் ஏவலராகப் பணியாற்றினார். கையில் எடுத்ததையெல்லாம் உடைத்துவிடும் தடுமாற்றக்காரர் எனத் தம்மைப் பற்றி அவரே பின்னாளில் சொல்லிக்கொண்டார். 1640இல் பாரிசில் இருந்த கார்மேல் மடத்தில் பொதுநிலைச் சகோதரராகச் சேர்ந்து, உயிர்ப்பின் லாரன்ஸ் எனப் பெயர் பூண்டார். பதினைந்து ஆண்டுகள் சமையற்கட்டு. பிறகு கால் நோயின் பொருட்டு, உட்கார்ந்து செய்யத்தக்க மிதியடி தைக்கும் வேலை. 1691 பிப்ரவரி 12இல் இறந்தார்.

அவர் நூல் ஒன்றும் எழுதவில்லை. ஜோசப் தெ போபோர் என்னும் குரு 1666ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் அவரை முதன்முறை சந்தித்து, 1667 நவம்பர் வரை நிகழ்ந்த நான்கு உரையாடல்களைக் குறித்து வைத்தார். லாரன்ஸ் இறந்தபின் அவர் எழுதிய கடிதங்களையும் சில குறிப்புகளையும் திரட்டி 1692இலும், உரையாடல்களைச் சேர்த்து 1694இலும் வெளியிட்டார். பின்னர் எழுந்த பெனலோன் பேராயர் பற்றிய சர்ச்சையில் இவர் பெயரும் இழுபட்டதால், பிரான்சுக் கத்தோலிக்கர் இந்நூலை மெல்ல ஒதுக்கினர் என்பதும், சீர்திருத்தச் சபைச் சகோதரர்கள் இதனைக் காப்பாற்றி உலகெங்கும் பரப்பினர் என்பதும், மெதடிஸ்டு இயக்கத்தின் தந்தை ஜான் வெஸ்லியும் அவருள் ஒருவர் என்பதும் தனியே எழுதத்தக்க வரலாறு. இங்கே நமக்கு வேண்டியது அதுவன்று.

வேண்டியது இதுதான். உரையாடல் என்று பெயரிருந்தாலும் அப்பகுதியில் உரையாடல் இல்லை. போபோர் என்ன கேட்டார் என்பது நமக்குத் தெரியாது. "அவர் இவ்வாறு சொன்னார், மேலும் இவ்வாறு சொன்னார்" என்று அயற்கூற்றாகவே வாக்கியங்கள் அடுக்கப்பட்டுள்ளன. கற்றறிந்த குரு ஒருவர், தமக்கு ஆன்மப் பயன் தரும் கருத்தை மட்டும் பொறுக்கியெடுத்து எழுதிய குறிப்பேடு அது. அதில் வெங்காயம் இல்லை, புகை இல்லை, விறகு ஈரமாயிருந்த நாள் இல்லை. சமையற்கட்டைப் பற்றிய நூல் என்று உலகம் கொண்டாடும் நூலில் சமையலுக்குரிய செய்தி மிகச் சிலவே என்பதை, நான் முப்பது ஆண்டுகளாகக் கவனிக்கவில்லை. ஆம்லெட் வந்த இடத்தில் கோடிட்டுக்கொண்டு மேலே போய்விட்டேன்.

இன்னொன்றையும் கவனிக்கவில்லை. இரண்டாம் உரையாடலில் சமையற்பணியைப் பற்றி லாரன்ஸ் கூறும்போது, அவ்வேலையின்பால் தமக்கு இயல்பிலேயே பெரும் வெறுப்பு இருந்ததென்று தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து அவ்வேலையை எளிதாகச் செய்ய இறைவன் உதவினார் என்பதும், இப்போது வேறு வேலையில் இருக்கிறார் என்பதும் அங்கேயே வருகின்றன. அதாவது, போபோர் வந்து அமர்ந்த நாளில் லாரன்ஸ் சமையற்காரர் அல்லர், சமையற்காரராக இருந்தவர். அடுப்பின் வெம்மை தணிந்தபின், தோலும் ஊசியும் கையிலிருக்கும் வேளையில் எண்ணிப் பார்க்கும் சமையற்கட்டு அது. மடத்தில் சேர்ந்த தொடக்கத்தில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள், பழைய பாவ நினைவாலும் இறைவனைச் சேர்ந்தவனாகத் தாம் இல்லையோ என்னும் அச்சத்தாலும் மிகவும் துன்புற்றதாகக் கடிதம் ஒன்றில் எழுதுகிறார். பலமுறை விழுந்ததாகவும் எழுந்ததாகவும் கூறுகிறார். இவ்விரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நாம் பொறாமைப்படும் அந்த அமைதியான சமையல் ஆண்டுகளில் பெரும்பகுதி அவருக்கு அமைதியற்ற ஆண்டுகளாகவே இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இக்காலத்தில் இந்நூலை மனநிம்மதிக்கான கைமருந்துபோல எடுத்துரைக்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. பாத்திரம் துலக்கும்போதும் மனத்தை ஒருமுகப்படுத்துங்கள், பதற்றம் நீங்கும் என்கிறார்கள். தவறில்லை, நீங்கட்டும். ஆனால் லாரன்ஸ் தம் பதற்றம் நீங்குவதற்காக இறைவனை நினைத்தவரல்லர். பிடிக்காத வேலையை, பிடிக்கிறது என்று தமக்குத்தாமே பொய் சொல்லிக்கொள்ளாமல், அன்புள்ள ஒருவருக்காகச் செய்தார். இவ்வேறுபாட்டை நாம் மறைத்துவிட்டு, பெண்களைப் பார்த்து, 'உங்கள் அடுப்படியே ஆலயம், மகிழ்ச்சியோடு வேலை செய்யுங்கள்' என்று சொல்லும்போது, சகோதரர் லாரன்ஸின் பெயரால் அவர் சொல்லாததைச் சொல்கிறோம். அவருக்கு அது வெறுப்பான வேலை என்னும் செய்தியை அந்தப் பெண்மணியிடம் பின்னர் நான் சொன்னபோது, "அப்படிச் சொல்லுங்க, சாமி" என்று அவர் விட்ட பெருமூச்சு, என் மறையுரை முழுவதையும்விட அவருக்கு ஆறுதலாய் அமைந்தது.

நூலில் எனக்கு இப்போது மிகவும் பிடித்த பகுதி ஆம்லெட் அன்று. திராட்சை இரசம் வாங்கச் சென்ற பயணம். மடத்துக்கு வேண்டிய திராட்சை இரசத்தை வாங்கி வருமாறு இவரைப் பர்கண்டி நாட்டுக்கு அனுப்புகிறார்கள். வணிகத்துக்கு உரிய சாமர்த்தியம் சிறிதும் இல்லாதவர், காலோ ஊனம். படகினுள் நடக்க முடியாமல், பீப்பாய்களின்மேல் உருண்டு உருண்டே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போனாராம். இந்த ஒரு காட்சியை மட்டும் போபோர் எப்படியோ விடாமல் எழுதிவைத்தார். நூல் முழுவதிலும் லாரன்ஸின் உடல் நம் கண்முன் தெரியும் இடம் இதுவே. கனத்த உடம்பு, உதவாத கால், படகின் ஆட்டம், பீப்பாயின் வளைவு. தமக்குத் தகுதியில்லாத வேலை என்பதை அவர் அறிவார், அனுப்பியவர்களுக்கும் தெரிந்திருக்கும். இது உமது வேலை என்று இறைவனிடம் சொல்லிவிட்டு உருண்டார் என்பதுதான் செய்தி. நோக்கம், குறிக்கோள், அழைப்பு என்றெல்லாம் பெரிய சொற்களால் நாம் சுட்டுவது, இங்கே பீப்பாயின்மேல் உருளும் ஒரு மனிதரிடம் சிரிப்புக்கிடமாகவும் மறுக்கமுடியாததாகவும் நிற்கிறது. மற்ற இடங்களில் கருத்தாக மட்டும் கிடைக்கும் லாரன்ஸ், இங்கே ஆளாகக் கிடைக்கிறார். இப்படி இன்னும் பத்து இடங்களைப் போபோர் எழுதியிருந்தால், இந்நூல் ஞானநூல் வரிசையில் மட்டுமின்றி இலக்கிய வரிசையிலும் உயர்ந்த இடத்தைப் பெற்றிருக்கும் என்பது என் எண்ணம்.

இனி அந்த இன்மைக்கு வருகிறேன். பெரிய மடம், நாள்தோறும் பலர் உண்டனர். அவர்களுள் ஒருவர் முகமும் நூலில் இல்லை. உப்பு மிகுந்ததென்று முணுமுணுத்தவர் இல்லை. இன்னொரு கரண்டி கேட்டவர் இல்லை. நோயுற்ற சகோதரருக்குக் கஞ்சி கொண்டுபோனதாகவும் இல்லை. இறைவனும் வாணலியும் லாரன்ஸும் மட்டுமே இருக்கிறார்கள். நன்றியுணர்வு நூலெங்கும் நிறைந்திருக்கிறது; அது மேல்நோக்கி மட்டுமே செல்கிறது. அன்பு என்ற சொல் பக்கந்தோறும் வருகிறது; அன்பு செய்யப்படும் மனிதர் யாரும் மேசையருகே அமர்ந்திருக்கவில்லை.

இதே கார்மேல் சபையில், இருநூறு ஆண்டுகளுக்குப்பின், வேறொரு கை எழுதியதை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். லிசியே நகரத்துப் புனித தெரேசா, நாம் சிறுமலர் என அழைப்பவர், காசநோயால் இறந்துகொண்டிருந்த 1897ஆம் ஆண்டின் கோடையில் எழுதிய கடைசிக் கையெழுத்துப் பிரதியிலும் அன்றாடச் சிறு செயல்களே வருகின்றன. ஆனால் அங்கே மனிதர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தியான வேளையில் ஓயாமல் சிறு ஓசை எழுப்பி எரிச்சலூட்டும் சகோதரி. துணி துவைக்கும்போது எதிரே நின்று அழுக்குநீரை முகத்தில் தெறிக்கவிடும் சகோதரி. எல்லாருக்கும் மேலாக, முதுமையாலும் நோயாலும் நடக்க இயலாத சகோதரி புனித பேதுரு. நாள்தோறும் மாலை ஆறுமணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவரை எழுப்பி, பிடித்துக்கொண்டு, உணவறைக்கு நடத்திச் செல்ல வேண்டும். வேகமாய் நடந்தால் விழப்போகிறேன் என்பார். மெதுவாய் நடந்தால் உன் கை எங்கே என்பார். உன்னைப் போன்ற சிறுபெண்ணுக்கு இது ஆகாது என்பார். உணவறையில் அமர்த்திக் கைச்சட்டையை மடித்துவிட்டதோடு தெரேசாவின் கடமை தீர்ந்தது. ஆயினும் அம்முதியவர் ரொட்டியை வெட்ட முடியாமல் தடுமாறுவதை ஒருநாள் கண்டு, அன்றுமுதல் கேளாமலே ரொட்டியையும் வெட்டிக்கொடுத்துப் புன்னகையோடு விடைபெறத் தொடங்கினார். முதியவரின் நெஞ்சை இளக்கியது அந்தக் கேட்கப்படாத ரொட்டித் துண்டே.

இரக்கம் என்பதற்கு இலக்கணம் கூறாமல், ரொட்டி வெட்டும் கத்தியைக் காட்டிவிடுகிறார் தெரேசா. இங்கே அவர் லாரன்ஸைவிட உயர்ந்த எழுத்தாளர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒப்பிடுகையில் நேர்மை வேண்டும். தெரேசா தம் கையாலேயே எழுதினார். லாரன்ஸின் வாய்மொழி மற்றொருவரின் தாளில் வடிக்கட்டப்பட்டது. தெரேசாவின் எழுத்தும்கூட 1898இல் மடத்தாரின் திருத்தங்களோடுதான் வெளிவந்தது. அவர் எழுதியபடியே உலகம் காண 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லாரன்ஸின் எழுத்துகளுக்குத் திறனாய்வுப் பதிப்பு 1991இல் வந்தது. அதனைச் செய்தவர் கோன்ராட் தெ மேஸ்தர் என்னும் கார்மேல் துறவி. தெரேசாவின் எழுத்துகளை ஆழ்ந்து ஆராய்ந்தவரும் அவரே. இருவரும் ஒரே மேசையில் சந்தித்தது பொருத்தமே.

லாரன்ஸிடம் பிறர்மீது கனிவு இல்லையா? உண்டு, ஆனால் அது உரையாடல்களில் இல்லை, கடிதங்களில் இருக்கிறது. ஆகவே நூலை வாங்குவோர் கடிதங்களிலிருந்து தொடங்குக என்பதே என் பரிந்துரை. அங்கே எதிரே ஒரு முகம் உண்டு. செபிக்கும்போது மனம் அலைகிறதென்று வருந்தும் துறவிக்கு, நீங்கள் சொல்வது புதிதன்று, எல்லாருக்கும் உள்ளதே என்று ஆறுதல் சொல்கிறார். படைவீரர் ஒருவருக்கு, அணிவகுத்து நடக்கையிலும் சிறிதே நெஞ்சை உயர்த்தினால் போதுமென்று, தாமும் வாளேந்திய காலத்தை நினைந்தவர்போல எழுதச் சொல்கிறார்.

நோயாளருக்கு எழுதிய கடிதங்கள் என்னை இன்றும் இடறச் செய்கின்றன. உமது வலி நீங்க வேண்டுமென்று நான் மன்றாடவில்லை, தாங்கும் வலிமை வேண்டுமென்றே மன்றாடுகிறேன் என்னும் கருத்தை அவர் எழுதுகிறார். மருத்துவமனைக் கட்டிலருகே நின்று நோயில்பூசுதல் வழங்கும் எனக்கு இச்சொற்களை எடுத்துச் சொல்ல ஒருபோதும் நா எழுந்ததில்லை. எழக்கூடாது என்றும் கருதுகிறேன். வலி நீங்க வேண்டுமென மன்றாட ஆண்டவரே கற்பித்திருக்க, நாம் ஏன் தயங்க வேண்டும்? ஆனால் எழுதியவரின் நிலையையும் பார்க்க வேண்டும். கால் புண்ணோடும் முதுமையோடும் அவரே வாழ்ந்தபோது எழுதியவை அவை. கடைசிக் கடிதத்தின் நாள் 1691 பிப்ரவரி 6. ஆறு நாளில் இறந்துபோனார். நலமாய் இருப்பவன் நோயாளிக்குச் சொன்னால் கொடுமையாகும் சொல், நோயாளி நோயாளிக்குச் சொல்கையில் தோழமையாகலாம். அச்சொல்லை இரவல் வாங்கும் உரிமை எங்களைப் போன்றோர்க்கு இல்லை என்பது மட்டும் உறுதி.

கேள்வி கேட்ட பெண்மணிக்கு நான் விடை தேடியபோது, அக்கேள்வி நூலாசிரியருக்கு உரியதன்று என்பது மெல்ல எனக்குப் புலப்பட்டது. அது உண்டவர்களுக்கு உரியது. பத்துத் தொழுநோயாளருள் திரும்பி வந்தவர் ஒருவரே என்னும் நற்செய்திப் பகுதியை எத்தனை முறை விளக்கியிருப்பேன்! பங்கு இல்லத்தில் நான்கு ஆண்டுகளாக எனக்குச் சமைத்துப் போட்டவர் வயதில் மூத்த ஓர் அம்மா. நாள்தோறும் உணவுக்குமுன் சிலுவை அடையாளமிட்டு இறைவனுக்கு நன்றி சொன்னேன். சுவருக்கு அப்பால் நின்றவருக்குச் சொன்னதில்லை. மறுநாள் மதியம் அடுப்படி வாயிலில் போய் நின்று, "அம்மா, மீன்குழம்பு இன்றைக்கு நன்றாக இருந்தது" என்றேன். அவர் திடுக்கிட்டு, "உப்பு கூடிப் போச்சா, சாமி?" என்றார். இல்லை என்று நம்பவைக்க நெடுநேரமாயிற்று. நான்கு ஆண்டுகளாக நான் வாய்திறந்த போதெல்லாம் குறைசொல்லவே திறந்திருக்கிறேன் என்பதை அவர் முகத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் அன்பியக் கூட்டம் ஒன்றில், மறையுரை ஏதும் செய்யாமல், பர்கண்டிப் பயணப் பகுதியை மட்டும் என் தமிழில் சொல்லிக் காட்டினேன். பீப்பாய்களின்மேல் உருண்ட இடம் வந்ததும் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். உபதேசியார் மட்டும், துறவியைப் பற்றிச் சிரிக்கலாமோ என்பதுபோல என்னைப் பார்த்தார். சத்துணவுச் சமையலர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது சரி சாமி, அவ்வளவு பாடுபட்டுப் போனாரே, திராட்சை இரசம் ஒழுங்கா வாங்கிட்டு வந்து சேந்தாரா, இல்லையா?" என்று கேட்டார். இதற்கு நூலில் விடை இருந்தது. வேலை நன்றாகவே முடிந்ததாம்.